எண்ணெய் இல்லாத சாலட் வேண்டாம்

எடை குறைக்கவோ சர்க்கரையைக் கட்டுப்படுத்தவோ ஆலோசனைக்கு வருபவர்களில் பலர், போனில் எடுத்து வைத்திருக்கும் மதியச் சாப்பாட்டுப் படத்தைக் காட்டுவார்கள். கிண்ணம் நிறைய லெட்யூஸ், கேரட், வெள்ளரி, மேலே கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. "ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை மேடம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். நான் முதலில் மாற்றச் சொல்வது அதைத்தான்.

கீரையிலும் கேரட்டிலும் உள்ள பீட்டா கரோட்டின், லூட்டின், வைட்டமின் கே எல்லாம் கொழுப்பில் கரைபவை. கூடவே கொஞ்சம் கொழுப்பும் போனால்தான் குடல் அவற்றை உறிஞ்சும். அமெரிக்காவின் ஐயோவா மாகாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்று உண்டு. பாலக், லெட்யூஸ், கேரட், செர்ரி தக்காளி போட்ட ஒரே சாலட்டை, மேலே ஊற்றும் டிரெஸ்ஸிங்கில் கொழுப்பே இல்லாதது, 6 கிராம் எண்ணெய் சேர்த்தது, 28 கிராம் சேர்த்தது என்று மூன்று விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கொழுப்பில்லாத சாலட்டில் கரோட்டின் சத்து ஏறக்குறைய உறிஞ்சப்படவே இல்லை. 6 கிராமில் ஏறியது, 28 கிராமில் இன்னும் கூடியது.

அதற்காக 28 கிராம், அதாவது இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றச் சொல்ல மாட்டேன். எடை குறைப்பவருக்கு அது அதிகம். ஒருவருக்கு இரண்டு டீஸ்பூன் போதும், சுமார் 80 கலோரி. மேலே தூவும் வேர்க்கடலையின் கொழுப்பும் கூடச் சேரும்.

யாழ்ப்பாணத்து வல்லாரைச் சம்பலைப் பாருங்கள். பச்சை இலையைப் பொடியாக அரிந்து, வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ (துருவிய தேங்காய்) போட்டு, தேசிக்காய்ப் புளி, அதாவது எலுமிச்சைச் சாறு விட்டுப் பிசைவார்கள். கொழுப்புக்குத் தேங்காய் இருக்கிறது. இலையின் இரும்புச்சத்து உடம்பில் சேர வைட்டமின் சி உதவும், அதற்கு அந்தத் தேசிக்காய்ப் புளி இருக்கிறது. நல்ல சாலட்டுக்கு வேண்டிய எல்லாம் அதிலேயே இருக்கிறது.

வீட்டில் செய்ய ஆலிவ் எண்ணெய்தான் வேண்டும் என்றில்லை. நான் கடலை எண்ணெயைச் சொல்வேன். நல்லெண்ணெயின் வாசம் சாலட்டில் போடும் புதினாவையும் பழத்தையும் அமுக்கிவிடும். தேங்காய் எண்ணெய், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த இலைமேல் பட்டதும் உறைந்து திட்டுத்திட்டாக ஒட்டும். மூடியுள்ள சின்ன பாட்டிலில் இரண்டு டீஸ்பூன் எண்ணெய், ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை கடுகுப் பொடி, மிளகுத்தூள், கொஞ்சம் உப்பு போட்டு நன்றாகக் குலுக்குங்கள். கடுகுப் பொடி இருப்பதால் எண்ணெயும் சாறும் சட்டென்று பிரியாமல் கொஞ்ச நேரம் கெட்டியாக நிற்கும். சாப்பிட உட்காரும்போதுதான் ஊற்ற வேண்டும். முன்னாலேயே கலந்தால் உப்பு தண்ணீரை இழுத்துவிடும், எண்ணெய் இலையைத் துவள வைத்துவிடும். ஆபீசுக்குக் கொண்டுபோவதானால் பாட்டிலைத் தனியாகவே எடுத்துப் போங்கள்.

பூண்டு சேர்ப்பவர்கள் அன்றன்றைக்குச் செய்து அன்றே முடித்துவிடுங்கள். எண்ணெயில் மூழ்கிய பச்சைப் பூண்டை வெளியே வைத்திருந்தால் பொட்டுலிசம் என்ற கடுமையான உணவு நஞ்சுக்கு வழியாகிவிடும்.

இரண்டு கைப்பிடி இலைக்கு அரைக் கொய்யாவோ ஒரு சின்ன ஆரஞ்சோ சரியாக இருக்கும். கொய்யா என்றால் எனக்கு இன்னும் திருப்தி, 100 கிராமிலேயே 200 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி இருக்கிறது. மேலே ஒரு மேசைக்கரண்டி வறுத்த வேர்க்கடலை. சுருங்கினதும் பூஞ்சை பிடித்ததும் இருந்தால் பொறுக்கி எறியுங்கள், வறுத்தாலும் அதிலுள்ள நஞ்சு முழுதாகப் போகாது. சின்னக் குழந்தைகளுக்கு முழுக் கடலை வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

இலையை ஓடும் தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கழுவ வேண்டும். மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்தால் கிருமி எல்லாம் செத்துவிடும் என்று நம்பாதீர்கள். மண் போகும், அவ்வளவுதான். கழுவியபின் துணியில் ஒற்றி ஈரத்தை எடுங்கள், ஈர இலையில் டிரெஸ்ஸிங் ஒட்டாமல் வழிந்துவிடும். கர்ப்பிணிகளும், கீமோதெரபி எடுப்பவர்களும், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்களும் பச்சை இலையை விட்டு வேகவைத்த கீரையையே சாப்பிடட்டும். அதில் சத்துக்குக் குறைவில்லை. வேகும்போது கரோட்டின் இன்னும் எளிதாக வெளிவரும். கீரை மசியலில் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டால் சாலட்டின் வேலையை அதுவே செய்துவிடும்.

சிறுநீரகக் கல் வந்தவர்கள் பாலக்கைத் தவிர்த்து லெட்யூஸ் போட்டுக்கொள்ளலாம். பாலக்கில், கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் என்ற பொருள் மிக அதிகம்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அவசியம் கவனிக்க வேண்டும். பச்சை இலையிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலைக்கு எதிராகப் போகும். ஒரு வாரம் தினமும் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்டு, அடுத்த வாரம் அடியோடு விட்டால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு ஏறி இறங்கும். கீரையே கூடாது என்பதல்ல, வாரத்துக்கு வாரம் அளவு மாறாமல் இருக்க வேண்டும். புதிதாக சாலட் பழக்கம் ஆரம்பிப்பதானால் முதலில் உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அடுத்த ரத்தப் பரிசோதனையை எப்போது வைப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.