கறுப்பா, கருப்பா?

வடலூரில் வள்ளலார் நிறுவிய சத்திய ஞானசபை 1872இல் வழிபாட்டுக்கு வந்தது. தைப்பூசத்தன்று அங்கே ஏழு திரைகளை விலக்கிச் சோதி காட்டுவார்கள். மாயா சக்தியைக் குறிக்கும் திரையின் நிறத்தை எழுதும்போதுதான் வம்பு. ஒரு சுவரொட்டியில் ‘கறுப்புத் திரை’, பக்கத்திலேயே இன்னொன்றில் ‘கருப்புத் திரை’.

நிறத்துக்குக் கறுப்பு என்பதே சரி. வல்லின றகரம். ‘கருமையிலிருந்து வந்த சொல்தானே, ரகரம் போடக் கூடாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். இந்தப் பிழையைச் செய்கிறவர் பெரும்பாலும் யோசித்தே செய்கிறார்.

கறு என்பது வினைச்சொல். கறுக்கிறது, கறுத்தது, கறுக்கும். சிவ என்ற வினையிலிருந்து சிவப்பு, வெளு என்பதிலிருந்து வெளுப்பு, அதே வழியில் கறு என்பதிலிருந்து கறுப்பு. தொல்காப்பிய உரியியலில் ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்று ஒரு நூற்பா இருக்கிறது. முதலில் கோபத்தைச் சொல்லிவிட்டு, அடுத்த நூற்பாவில்தான் இவை நிறத்தைக் குறிக்கவும் உரியவை என்கிறார். கோபம் வந்தால் முகம் கறுக்கிறது, கண் சிவக்கிறது. அந்தப் பழைய பொருள் இன்னும் செத்துவிடவில்லை. பங்காளிச் சண்டை முடிந்து வருஷக்கணக்கானாலும் ‘அவன் இன்னும் கறுவிக்கிட்டேதான் இருக்கான்’ என்கிறோமே, அந்தக் கறுவுதல் இந்தக் குடும்பம்தான். நஞ்சுண்ட சிவனைத் தேவாரம் கறைமிடற்றன் என்று பாடுகிறது. அந்தக் கறையிலும் றகரம்தான்.

கரு என்பது பண்பு. அது தனியாக வினையாக நடக்காது. பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும். கருங்கல், கருவிழி, கருமேகம், கருவேலம். வடலூருக்கு வருவதற்கு முன் வள்ளலார் தங்கியிருந்த கருங்குழியும் இப்படி அமைந்த பெயரே. கரிய, கார், கரி எல்லாம் இந்தப் பக்கத்து உறவினர்கள். நெய்வேலியில் வெட்டி எடுப்பது நிலக்கரி, அதற்கும் ரகரம்.

இரண்டு கிளைக்கும் பொருள் ஒன்று, வேரும் நெருங்கியது. செம்மை–சிவப்பு, வெண்மை–வெளுப்பு என்ற இணைகளில் ஒலி நன்றாக வேறுபடுவதால் யாரும் தடுமாறுவதில்லை. கருமை–கறுப்பு மட்டும் காதுக்கு ஒன்றுபோல் ஆகிவிட்டது. நம் பக்கத்துப் பேச்சில் ரகரத்துக்கும் றகரத்துக்கும் வேறுபாடு போய்ப் பல காலம் ஆகிறது.

வேறுபாட்டைக் காதால் கேட்க வேண்டுமென்றால் புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்குள்ளேயே வழி இருக்கிறது. அரபிக்கடல் ஓரத்து மாஹேயும் இதே ஆட்சிக்கு உட்பட்டதுதான். அங்கே பேசும் மலையாளத்தில் ‘கறுத்த’ என்பதில் றகரம் அழுத்தி ஒலிக்கும். ‘கரிங்கல்லு’ என்பதில் மெல்லிய ரகரம். தமிழ் எழுத்தில் மட்டும் காப்பாற்றி வைத்திருப்பதை அவர்கள் வாயிலும் வைத்திருக்கிறார்கள்.

சோதித்துப் பார்க்க ஒரு சட்டை போதும். பெரியார் தொண்டர்கள் அணிவது கருஞ்சட்டை. அதையே கறுப்புச் சட்டை என்றும் சொல்லலாம். முதலாவதில் ரகரம், இரண்டாவதில் றகரம், இரண்டும் பிழையில்லை. பெயரோடு நேரே ஒட்டினால் கரு. ‘ப்பு’ சேர்ந்தாலோ, ‘த்தது’ சேர்ந்தாலோ கறு. வெயிலில் முகம் ‘கருத்தது’ என்று எழுதினால், கருத்து அது என்று பிரித்துப் படிக்கவும் இடமுண்டு!

அப்படியானால் ரகரம் போட்ட ‘கருப்பு’ தமிழில் இல்லவே இல்லையா? இருக்கிறது, பொருள்தான் வேறு. ஒன்று, பஞ்சம். இன்னொன்று நெல்லிக்குப்பம் பக்கத்து வயல்களில் நிற்கும் கரும்பு. இரும்பு, பாதையோடு சேரும்போது இருப்புப்பாதை ஆவதுபோல, கரும்பும் வில்லோடு சேர்ந்தால் கருப்புவில், சாற்றோடு சேர்ந்தால் கருப்பஞ்சாறு. மன்மதன் கையிலுள்ள கருப்புவில்லுக்கு ஓவியர் கரிய வண்ணம் அடித்துவிட்டால் மன்மதன் பாவம்.

கரி, கறி குழப்பமும் இதே ஜாதிதான். காய்கறி, கறிக்கடை இரண்டிலும் றகரம். ‘காய்கரி’ என்ற பலகையைப் பார்த்தால் எனக்கு அடிப்பிடித்த பொரியல்தான் ஞாபகம் வருகிறது.

இன்று ‘கருப்பு’ என்று அச்சிடும் பத்திரிகைகள் ஏராளம். படிப்பவருக்குப் பொருள் புரிந்துவிடுகிறது என்பதும் உண்மை. ஆனால் பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லித் தரும்போது கறுப்பு என்றே சொல்லித் தரலாம், காரணம் கையில் இருக்கிறதே. ஆட்பெயர், சாமி பெயர்களில் மட்டும் கை வைக்க வேண்டாம். கருப்பசாமி என்று எழுதிவரும் குடும்பத்திடம் போய் இலக்கணம் பேசுவது வீண் வேலை.

கறுப்புப் பணம், கறுப்புச் சந்தை, கறுப்புப் பட்டியல் என்பவை தனிக் கதை. ஆங்கிலத்தில் இருந்த நிறத்தை அப்படியே தூக்கி வந்தவை இவை. கள்ளப்பணம், கள்ளச்சந்தை என்ற நல்ல சொற்கள் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளன. மூன்றாவதற்குத் தடைப்பட்டியல் பொருந்தும். கறுப்புக்கொடியை மாற்ற வேண்டியதில்லை, அது நிஜமாகவே கறுப்பு.