கடையின் இன்ஸ்டா பதிவு கூகுளில் கிடைக்க என்ன செய்ய வேண்டும்?

"புது வரவு! விலைக்கு டி.எம். பண்ணுங்க." கூடவே நாலு இதயக் குறி, வரிசையாகச் சில ஹேஷ்டேக். சேலை விற்கும் இன்ஸ்டாகிராம் பக்கங்களில் இப்படிப்பட்ட பதிவைத்தான் அதிகம் பார்க்கிறோம். படத்தில் இருப்பது நேர்த்தியான மதுரை சுங்குடி. ஆனால் "சுங்குடி" என்ற சொல் அந்தப் பதிவில் எங்குமே இல்லை. வாங்க வருபவர் கூகுளில் தட்டுவது அந்தச் சொல்லைத்தான்.

2025 ஜூலை 10 முதல், தொழில்முறைக் கணக்குகளின் பொதுப் பதிவுகளைக் கூகுள் போன்ற தேடுபொறிகள் தங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ள இன்ஸ்டாகிராம் வழிவிட்டிருக்கிறது. அதற்கு முன்பும் ஆங்காங்கே சில பதிவுகள் தேடலில் தலைகாட்டியதுண்டு. இப்போது அது முறையான ஏற்பாடு. கணக்கு பிசினஸ் அல்லது கிரியேட்டர் வகையாக இருக்க வேண்டும், உரிமையாளருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். செட்டிங்ஸில் அக்கவுன்ட் பிரைவசி பகுதிக்குள் போனால், பொதுப் படங்களும் வீடியோக்களும் தேடல் முடிவுகளில் வரலாமா என்று கேட்கும் ஒரு பொத்தான் இருக்கும். அது ஆன் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்டோரிக்கு இது பொருந்தாது. தீபாவளிச் சலுகையை ஸ்டோரியில் மட்டும் போட்டுவிட்டு, தேடினால் வரவில்லையே என்று வருந்திப் பயனில்லை.

பொத்தான் கதவைத் திறந்துவிடும், அவ்வளவுதான். உள்ளே வரும் கூகுளுக்குப் படிக்க எழுத்து வேண்டும். போஸ்டருக்குள் பதித்த எழுத்தை, அதிலும் வளைத்து நெளித்து நிழல் கொடுத்த தமிழ் எழுத்தை, தேடுபொறி சரியாகப் படிக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். விலை, ஊர், பொருளின் பெயர் எல்லாம் படத்துக்குக் கீழே உள்ள கேப்ஷனிலும் இருக்க வேண்டும். டிடிபி சென்டரில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்துக் கொடுத்ததை அப்படியே எடுத்து ஒட்டினால் அது ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் விழும். எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றி, ஒருமுறை வாசித்துப் பார்த்த பிறகே பதிவிடுங்கள்.

கேப்ஷனில் முதல் வரிக்குத்தான் மதிப்பு அதிகம். தேடல் முடிவில் தலைப்பாகத் தெரிவது பெரும்பாலும் கணக்கின் பெயரும் கேப்ஷனின் தொடக்கமும்தான். வாழ்த்தும் வணக்கமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் பொருளுக்கு இடமில்லை. சின்னாளப்பட்டியிலிருந்து விற்பவர் இப்படித் தொடங்கலாம்:

"மதுரை சுங்குடி காட்டன் சேலை, அரக்கு நிறம், கைமுடிச்சு. பிளவுஸ் துணியோடு 6.2 மீட்டர். சின்னாளப்பட்டி, திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து கூரியரில் அனுப்புகிறோம்."

அடுத்த வரியில் விலை, அதற்கடுத்து எப்படித் துவைப்பது, சாயம் போகுமா, எத்தனை நாளில் வந்து சேரும். கடைக்கு வருபவர் வாய்விட்டுக் கேட்கும் கேள்விகள் இவை, கூகுளிலும் இவற்றைத்தான் தட்டுகிறார்கள். மொத்தம் 2,200 எழுத்துக்குறி வரை இடம் இருக்கிறது. அதை நிரப்பியே ஆக வேண்டும் என்பதில்லை, ஆறேழு வரி உருப்படியாக இருந்தால் போதும். விலையை மறைப்பதை நாங்கள் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. "சுங்குடி சேலை விலை" என்று தேடுபவருக்குப் பதில் தராத பதிவை எந்தத் தேடுபொறி முன்னால் நிறுத்தும்?

தமிழில் எழுதும்போது தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது, ஆங்கிலத்தில் வரும் வழிகாட்டிகள் இதைத் தொடுவதே இல்லை. நம் சொற்கள் வேற்றுமை உருபோடு ஒட்டி உருமாறும். "மதுரையில்", "சேலைகளுக்கான" என்று மட்டுமே எழுதியிருந்து, தேடுபவர் "மதுரை சேலை" என்று தட்டினால், பொருத்திப் பார்க்கும் வேலையைக் கூகுளின் தலையில் சுமத்துகிறோம். அது பல நேரம் பொருத்திவிடும், சில நேரம் கோட்டைவிடும். எனவே முக்கியமான சொல் ஒவ்வொன்றும் ஒருமுறையாவது உருபு ஒட்டாத அடிவடிவில் வரட்டும். "ஜவுளிக்கடை" என்று சேர்த்து எழுதுபவரும் உண்டு, "ஜவுளி கடை" என்று பிரித்துத் தட்டுபவரும் உண்டு. "சேலை" என்பவர், "புடவை" என்பவர், ஆங்கில எழுத்தில் "சாரி" என்று தேடுபவர் எல்லோரும் உங்கள் வாடிக்கையாளர்களே. ஒரே பதிவில் அத்தனையையும் திணித்தால் படிப்பவர் ஓடிவிடுவார். இன்றைய பதிவில் சேலை, அடுத்ததில் புடவை, இன்னொன்றில் ஆங்கில வரி ஒன்று என்று பிரித்துப் போடுங்கள். எந்தச் சொல் அதிகம் புழங்குகிறது என்று அறிய, கூகுள் பெட்டியில் பாதி தட்டி நிறுத்துங்கள். கீழே விரியும் பரிந்துரைகள் மக்கள் உண்மையில் தேடுபவை.

ஆல்ட் டெக்ஸ்ட் எனும் பட விவரணையைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள். புதிய பதிவில் ஷேர் பொத்தானை அழுத்துமுன் வரும் கூடுதல் அமைப்புகளில் அது இருக்கும். பழைய பதிவென்றால் மூன்று புள்ளியைத் தொட்டு எடிட்டுக்குள் போனால் சேர்க்கலாம். பார்வையற்றவர்களின் திரைவாசிப்பானுக்காக ஏற்பட்ட வசதி அது. அதனால் "அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகள் கொண்ட சுங்குடி சேலை, பச்சைக் கரை" என்று கண்ணில் தெரிவதை எழுதுங்கள். சொற்குவியலாக நிரப்புவது அவர்களுக்கும் இடைஞ்சல், தேடலுக்கும் உதவாது. கணக்கின் பெயர்ப் பகுதியிலும் கவனம் வேண்டும். கடைப் பெயரோடு தொழிலும் ஊரும் அங்கே இருந்தால் நல்லது. 14 நாளில் இருமுறைதான் அதை மாற்ற முடியும் என்பதால் யோசித்து எழுதுங்கள்.

ஆனால் இதே வேலையை, கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடை விவரம் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலில் செய்துவிடாதீர்கள். அங்கே பெயர்ப் பலகையில் உள்ள பெயர் மட்டும்தான் வரலாம். "சிறந்த மலிவான சுங்குடி சேலைக் கடை" என்று ஒட்டுச் சொற்கள் சேர்த்தால் விதிமீறல், பக்கமே முடக்கப்படலாம். அங்கே போடும் பதிவு 1,500 எழுத்துக்குறிக்குள் இருக்க வேண்டும். பதிவுக்குள் தொலைபேசி எண் எழுதினால் நிராகரிக்கப்படும், எண்ணுக்கு அழைப்புப் பொத்தான் தனியாக இருக்கிறது. கடைப் பெயர், முகவரி, எண் ஆகியவை இன்ஸ்டா, பேஸ்புக், கூகுள் மூன்றிலும் எழுத்து பிசகாமல் ஒன்றாக இருக்கட்டும்.

பேஸ்புக் பக்கத்தில் வயது வரம்போ நாட்டுக் கட்டுப்பாடோ வைத்திருந்தால், லாகின் செய்யாதவருக்கு அந்தப் பக்கம் தெரியாது. தேடுபொறியும் லாகின் செய்யாத விருந்தாளிதான். பிரவுசரில் லாகின் இல்லாமல் திறக்கும் இன்காக்னிட்டோ சாளரத்தில் உங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

யூடியூப் கூகுளின் சொந்தப் பிள்ளை, உழைப்புக்கு அங்கே பலன் அதிகம். தலைப்புக்கு 100 எழுத்துக்குறி, விவரணைக்கு 5,000. "சுங்குடிச் சேலையை முதல்முறை துவைப்பது எப்படி" போன்ற கேள்வியே நல்ல தலைப்பு. விவரணையில் நேரக்குறி போட்டு வீடியோவைப் பகுதிகளாகப் பிரிக்கலாம். முதல் குறி 0:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று குறிகள் வேண்டும், ஒவ்வொரு பகுதியும் 10 நொடிக்குக் குறையக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் பிரிவு வேலை செய்யாது. பேசுவதைத் தமிழில் தட்டச்சு செய்து சப்டைட்டிலாக ஏற்றுங்கள். டேக் பெட்டிக்குள் மணிக்கணக்கில் சொல் தேட வேண்டாம், அதன் பங்கு மிகக் குறைவு என்று யூடியூபே சொல்கிறது.

எல்லாம் செய்த மறுநாளே பதிவு மேலே வந்துவிடாது. பட்டியலில் ஏறவே நாட்கள், வாரங்கள் ஆகலாம், ஏறாமலும் போகலாம். ஏறியதா என்று பார்க்க, கூகுளில் "சைட்" என்பதை ஆங்கிலத்தில் அடித்து, கோலன் குறி போட்டு, இடைவெளி விடாமல் இன்ஸ்டாகிராமின் இணைய முகவரியையும், ஓர் இடைவெளிக்குப் பின் கடைப் பெயரையும் கொடுங்கள். முதல் பக்கத்துக்கு உத்தரவாதம் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் ஒதுங்கியிருங்கள். அந்த உத்தரவாதம் யார் கையிலும் இல்லை.

தேடலில் வருவதால் புதிதாக ஒரு பொறுப்பும் சேர்கிறது. மணப்பெண் அலங்காரம் செய்யும் பார்லர்கள் மணமகளின் பெயரோடு முகத்தைப் போடுகின்றன. கூரியர் பொட்டலங்களை அடுக்கிப் படமெடுக்கும்போது வாடிக்கையாளரின் முகவரியும் எண்ணும் தெளிவாகத் தெரிகின்றன. பின்தொடர்பவர்கள் மட்டும் பார்த்தது இனி யார் தேடினாலும் கிடைக்கலாம். பின்னணியில் குழந்தைகள், பில், வாகன எண் இருக்கிறதா என்று பழைய பதிவுகளையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். இன்ஸ்டாகிராம் அறிவித்தபடி 2020 ஜனவரி 1 முதல் போட்ட பதிவுகள்கூட இதில் அடங்கும். முகம் தெரியும் படத்துக்கு, "கூகுளிலும் வரலாம்" என்று சொல்லி, எழுத்தில் ஒரு வாட்ஸ்அப் சம்மதமாவது வாங்கி வையுங்கள்.

விற்றுத் தீர்ந்த சேலையின் பதிவை அழிக்க வேண்டாம். முதல் வரியில் "விற்றுவிட்டது" என்று திருத்தி, அதேபோன்ற சரக்கு எங்கே இருக்கிறது என்று எழுதினால் வருபவர் வெறுங்கையோடு திரும்ப மாட்டார். வாடிக்கையாளர் தன் படத்தை எடுக்கச் சொன்னால் மட்டும் உடனே அழியுங்கள். அழித்த பிறகும் கூகுள் முடிவில் கொஞ்ச நாள் அது தங்கும். காலாவதியான உள்ளடக்கத்தை நீக்கக் கூகுள் ஒரு கோரிக்கைப் பக்கம் வைத்திருக்கிறது, பதிவின் இணைப்பை அங்கே கொடுத்துவிடுங்கள்.