தாடைச்செவி

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "கொல்லையில் பாம்பு வந்தபோது பிள்ளைகள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. பாம்பு அசையவில்லை. பக்கத்து வீட்டுத் தாத்தா மண்வெட்டியைத் திருப்பித் தரையில் ஓங்கித் தட்டினார், உடனே ஓடிவிட்டது. பாம்புக்குக் காது உண்டா, இல்லையா?"

உண்டு. காதுத் துளையும் செவிப்பறையும் இல்லையே தவிர, உள்காது இருக்கிறது. அதற்குச் செய்தி கொண்டுபோவது தாடை. தரையில் படிந்து கிடக்கும் கீழ்த்தாடை மண்ணின் அதிர்வை வாங்கி, மண்டையின் பின்மூலையில் தொங்கும் ஓர் எலும்பிடம் கொடுக்கிறது. அந்த எலும்பிலிருந்து ஒரு மெல்லிய குச்சி எலும்பு உள்காதுக்குப் போகிறது. தாத்தாவின் மண்வெட்டி அந்த வழியில்தான் பேசியிருக்கிறது.

என் ஆயாவுக்கும் இது தெரிந்திருந்தது. டோங்காட் பக்கம் கரும்பு வெட்டப் போன நாள்களில் பழகியது: "கரும்புக்குள் நுழைந்தால் காலைத் தொப்பென்று வை." கடைசிவரை வீட்டுக்குள்ளும் அப்படியேதான் நடந்தார். ஆனால் ஆயாவின் பாடத்தில் ஒரு விதிவிலக்கு சேர்க்க வேண்டும். பஃப் விரியன் அதிர்வை உணர்ந்தாலும் பெரும்பாலும் நகராது. தன் நிறத்தை நம்பி அப்படியே படுத்திருக்கும். காலைத் தட்டினால் மட்டும் போதாது, கண்ணும் தரையில் இருக்க வேண்டும்.

மகுடிக்கு ஆடுவது வேறு கதை. ஊதுபவர் குழலை அசைக்கிறார், பாம்பு அந்த அசைவைப் பின்தொடர்கிறது. அதற்காகப் பாம்புக்குக் காற்றொலியே எட்டாது என்றும் சொல்லிவிட முடியாது. அரச மலைப்பாம்புகளை வைத்து 2012இல் வெளியான ஆய்வில், 80 முதல் 160 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த ஒலிகள் அவற்றின் மண்டையையே அதிரவைப்பதும், அதை அவை உணர்வதும் தெரியவந்தது. பிள்ளைகளின் கீச்சுக் குரல் அதைவிட வெகு உயரம். பாம்புக்குக் 'கட்செவி' என்று பெயர் வைத்த நம் முன்னோர், வெளிக்காது இல்லாததைக் கவனித்திருக்கிறார்கள். கண்தான் காது என்று எண்ணிவிட்டார்கள். கண்ணுக்குச் சற்றே பின்னால் பார்த்திருந்தால் 'தாடைச்செவி' என்று வைத்திருப்பார்கள்.

மண்டையின் பின்மூலையில் இருக்கும் அந்த எலும்புக்குக் குவாட்ரேட் என்று பெயர். மீன், தவளை, பல்லி, பறவை எல்லாவற்றிலும் கீழ்த்தாடை மாட்டியிருக்கும் கீல் இதுதான். பார்க்க வேண்டுமானால் கோழித்தலை போதும். போன ஞாயிறு கறிக்கு வாங்கிய கோழியின் தலையைத் தனியாக எடுத்து நன்றாக வேகவைத்தேன். (அந்தச் சட்டியை வீட்டில் இன்னும் யாரும் தொடவில்லை.) தோலையும் தசையையும் உரித்தால், கண்குழிக்குப் பின்னால், நகத்தைவிடச் சிறிதாக, பிடுங்கிய கடைவாய்ப்பல்லைப் போல் ஓர் எலும்பு கையோடு வந்துவிடும். வேர்களைப் போல் நீளும் முனை ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. எலும்பு முன்னால் அசைந்தால், மெல்லிய கம்பி எலும்புகள் வழியாக மேலலகைத் தள்ளி உயர்த்தும். கோழியில் இந்த அசைவு கொஞ்சம்தான், கிளியில் நன்றாகவே தெரியும். பாம்பில் இதே எலும்பு நீண்டு, மேல்முனையும் அசையும்படி அமைந்திருப்பதால், தாடை கீழேயும் பக்கவாட்டிலும் அகன்று கொடுக்கிறது. நம் நாட்டு முட்டைதின்னிப் பாம்பு தன் தலையைவிடப் பெரிய முட்டையை விழுங்குவது இதனால்தான். தாடை கழன்று விழுகிறது என்று சொல்வது வெறும் கதை.

சரி, நம் தாடையில் இந்த எலும்பு எங்கே? இல்லை. பாலூட்டி எதன் தாடையிலும் இல்லை. 1837இல் ஜெர்மானிய உடற்கூறியலாளர் ரைகெர்ட் பன்றிக் கருக்களை அறுத்துப் பார்த்து அதைக் கண்டுபிடித்தார்: அது காதுக்குள் போயிருந்தது. பள்ளியில் படித்த சுத்தி, பட்டடை, அங்கவடி ஆகிய மூன்றில் பட்டடை எலும்புதான் பழைய குவாட்ரேட். சுத்தி, கீழ்த்தாடையில் அதற்கு எதிரே இருந்த மூட்டு எலும்பு.

கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். தாடையின் கீலைக் கழற்றிக் காதில் வைக்கும்வரை அந்த விலங்கு எதைக் கொண்டு தின்றது? இந்தக் கேள்விக்கான விடை நம் காரூ சமவெளிப் பாறைகளில் கிடந்தது. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே வளை தோண்டி வாழ்ந்த, பாலூட்டிகளின் மூதாதைக் கிளையைச் சேர்ந்த திரினாக்சோடானின் மண்டையைப் பாருங்கள். பல் தாங்கும் எலும்பு பெருத்துத் தாடையையே ஆக்கிரமித்திருக்கிறது. மெல்லும் தசைகளும் அதன்மேல் ஏறிவிட்டன. பின்பக்க எலும்புகள் சிறுத்து ஒதுங்கிவிட்டன. குவாட்ரேட் ஒரு பள்ளத்தில் தளர்வாகச் செருகியிருக்கிறது. அடுத்து ஃப்ரீ ஸ்டேட் மாகாண மணற்பாறையில் கிடைத்த ஒரு சிறு விலங்கு. அதில் பல் தாங்கும் எலும்பும் மண்டையைத் தொட்டுவிட்டது. பழைய மூட்டும் உள்பக்கத்தில் அப்படியே இருக்கிறது. 1958இல் புதைபடிவ ஆய்வாளர் கிராம்ப்டன் அதற்கு வைத்த டையார்த்ரோக்னாதஸ் என்ற பெயருக்கு 'இரட்டை மூட்டுத் தாடை' என்றே பொருள். பழைய பாலத்தை இடிக்காமல் பக்கத்தில் புதுப்பாலம் கட்டி, வண்டிகளை அதன்மேல் திருப்பிவிட்டதைப் போல.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. பழைய கீலுக்குக் கடிக்கும் பாரம் குறைந்தது. ஆனால் அதிர்வைக் கடத்தும் வேலை, பாம்பில் பார்த்தோமே, அது முன்பே கையிலிருந்தது. பாரம் இல்லாததால் எலும்பு இன்னும் சிறுக்கலாம். சிறுத்தால் வேகமான அதிர்வுக்கும் ஈடுகொடுக்கும். கோவில் மணியை அசைக்கக் கயிறு வேண்டும், சலங்கைக்குக் கணுக்கால் போதும். இன்று நம் பட்டடை எலும்பு ஏறக்குறைய ஓர் அரிசியின் எடைதான். அகன்ற செவிப்பறையில் விழும் ஒலியை இந்த மூன்று எலும்புகளும் சேர்ந்து உள்காதின் வாயிலான சின்னஞ்சிறு சாளரத்தில் குவிக்கும்போது அழுத்தம் சுமார் 20 மடங்கு கூடுகிறது. அது இல்லையென்றால் காற்றில் வரும் ஒலியில் பெரும்பகுதி உள்காதின் திரவத்தில் மோதித் திரும்பிவிடும்.

எலும்பு பொறுக்க வரிப்பணமா என்று கேட்பவர்கள் உண்டு. காரூவில் புதைபடிவ ஆய்வாளர் ராபர்ட் ப்ரூமுக்குப் புதைபடிவம் தேடித் தந்தவர்களில் நியூ பெதஸ்தாவில் சாலை போட்டுக்கொண்டிருந்த கிட்சிங் என்பவரும் ஒருவர். அவர் மகன் ஜேம்ஸ் பின்னாளில் ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகத்தின் புதைபடிவ ஆய்வில் பெரும்புள்ளி ஆனார். தங்கம் தேடி மைல்கணக்கில் துளை போடும் நாட்டில், ஊசி பிடித்து மாதக்கணக்கில் ஒரே மண்டையைச் சுரண்டும் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கக் கணக்குப் பார்ப்பது எனக்கு எரிச்சலைத் தருகிறது.

அமெரிக்கப் பைப்பாலூட்டியான ஒபோசத்தின் குட்டி இந்தப் பயணத்தை இன்றும் நடந்துகாட்டுகிறது. அரைகுறையாகப் பிறக்கும் அதன் தாடை முதல் சில வாரங்கள் பழைய மூட்டில்தான் தொங்குகிறது. புதிய மூட்டு உருவான பிறகே அந்த எலும்புகள் காதோடு ஒதுங்குகின்றன.

காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கடியில் உருள்வது புதிய மூட்டு. பழையது அங்கிருந்து ஓர் அங்குலம் உள்ளே, செவிப்பறைக்குப் பின்னால், சுத்தியும் பட்டடையும் சேரும் இடத்தில் இன்னும் மூட்டாகவே இருக்கிறது.