வீட்டின் ஞாபகமெல்லாம் ஒருவர் தலையிலா?

தலைவலி, நெஞ்செரிச்சல், கழுத்துப் பிடிப்பு, படுத்து வெகுநேரமாகியும் வராத தூக்கம், வந்தாலும் விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு. திருச்சியில் குடும்ப மருத்துவராக இருக்கும் எனக்கு, முப்பதைத் தாண்டிய பெண்கள் சொல்லும் இந்த வரிசை மனப்பாடம். ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பரிசோதிக்கச் சொல்வேன். "எல்லாம் டென்ஷன்தான், நிம்மதியாக இருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுவது பெரிய அநியாயம். 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைவால் மூச்சு வாங்குகிறவரைத் தியானம் செய்யச் சொல்லி என்ன பயன்?

பரிசோதனை முடிவுகள் எல்லாம் சரியாக வந்து, அசதி மட்டும் தீராதவர்களிடம் வேறு விதமாக விசாரிப்பேன். சிலிண்டர் மாற்றிய தேதி வீட்டில் யாருக்குத் தெரியும்? பள்ளிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் எது? மாமனாரின் சர்க்கரை மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு வரும்? மின்கட்டணம் கட்ட வேண்டியது இந்த மாதமா, அடுத்த மாதமா? சின்னவனுக்கு எந்தக் கிழமை வெள்ளைச் சீருடை? நாத்தனார் மகளின் காதுகுத்துக்கு என்ன சீர்? எதைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "எனக்குத்தான் தெரியும் டாக்டர். நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்." இதைச் சொல்லும்போதே சிலருக்குக் கண் கலங்கிவிடும். இதுவரை யாரும் அவர்களிடம் இதைக் கேட்டதில்லை.

வீட்டு வேலையின் பாரம் நமக்குத் தெரிந்ததுதான். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள் என்றும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்கள் செலவிடுகிறார்கள் என்றும் வந்தது. ஆனால் பாத்திரம் துலக்கிக்கொண்டே நாளை மறுநாள் வரப்போகிற விருந்தாளிக்கு எங்கே படுக்கை போடுவது என்று யோசிப்பதை எந்தக் கடிகாரத்தால் அளக்க முடியும்? கை வேலை முடிந்ததும் கை ஓய்ந்துவிடும். ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலைக்கு முடிவு நேரம் கிடையாது. நான் பார்க்கும் வீடுகளில் ஆளைத் தேய்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலைதான். அதனால் மன அழுத்தத்துக்கு வழி கேட்டு வருகிறவர்களிடம், வீட்டின் ஞாபகத்தை ஒருவர் தலையிலிருந்து இறக்கும் வேலையைத்தான் முதலில் சொல்கிறேன்.

ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்தி வைத்திருக்கக்கூடிய விஷயங்கள் ஏறக்குறைய நான்குதான் என்கிறார்கள் உளவியலாளர்கள். ஐந்தாவது வந்தால் ஒன்று நழுவும். நழுவிவிடுமோ என்ற பயத்தில் அதையே திரும்பத் திரும்ப நினைப்போம். பகலில் வேலை மும்முரத்தில் இது தெரியாது, விளக்கை அணைத்ததும் வரிசையாக வந்து நிற்கும். அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 57 இளம் வயதினரைப் படுக்கும் முன் ஐந்து நிமிடம் எழுதச் சொன்னார்கள். ஒரு பாதி இனிச் செய்ய வேண்டிய வேலைகளை எழுதியது, மறுபாதி செய்து முடித்தவற்றை எழுதியது. செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கிவிட்டார்கள். அதிலும் விவரமாக எழுதியவர்களுக்கு இன்னும் சீக்கிரம் தூக்கம் வந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் செலவே இல்லாத இந்தப் பழக்கத்தைத் தூக்க மாத்திரை கேட்டு வருகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்கிறேன்.

எழுதுவதற்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. மளிகைக் கடையிலோ நகைக் கடையிலோ இலவசமாகக் கொடுக்கும் மாதக் காலண்டர் போதும். தினமும் கிழிக்கும் தேதிக் காலண்டர் இதற்கு உதவாது, ஒரு மாதம் முழுவதும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். நம் அம்மாக்கள் பால் கணக்கை அதில்தான் எழுதினார்கள். பாக்கெட் கூடுதலாக வாங்கிய நாளில் ஒரு 2, ஊருக்குப் போன நாளில் ஒரு பெருக்கல் குறி, சிலிண்டர் மாற்றிய தேதியைச் சுற்றி ஒரு வட்டம், கீழே இஸ்திரிக்காரருக்குப் போன துணிகளின் எண்ணிக்கை. அருமையான ஏற்பாடு அது. ஆனால் அடுப்படிச் சுவரில் மாட்டப்பட்டிருந்ததால், அதைப் படிக்கிறவரும் எழுதுகிறவரும் ஒருவராகவே இருந்தார். காலண்டரைக் கூடத்துக்குக் கொண்டுவாருங்கள், சாப்பிடும் இடத்துக்கு எதிரே. பக்கத்தில் ஒரு பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். பேனா இல்லாத காலண்டரில் யாரும் எழுதமாட்டார்கள். பள்ளியிலிருந்து வந்த அறிவிப்பை அந்தப் பிள்ளையே எழுத வேண்டும். எட்டு வயதுக் குழந்தையால் தாராளமாக முடியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரும் கால்மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்து, வரும் வாரத்தில் எது யாருடையது என்று பேசிப் பெயரின் முதலெழுத்தைப் போட்டுவிடுங்கள்.

இந்தப் பெயர் போடும் இடத்தில்தான் பல வீடுகளில் வண்டி நின்றுவிடுகிறது.

அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். கணவர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார், மனைவி அலுவலகம் போகிறவர். தீராத தலைவலி என்று வந்திருந்தார். நான் மேலே சொன்ன கேள்விகளையெல்லாம் கேட்டதும், உடன் வந்திருந்த கணவருக்கு மனவருத்தம். "சொன்னால் செய்யமாட்டேன் என்றேனா டாக்டர்? சொல்லவே மாட்டேன் என்கிறாள்." மனைவி குரலை உயர்த்தவில்லை. "சொல்வதற்கும் நான்தானே ஞாபகம் வைத்திருக்க வேண்டும்?" என்று மட்டும் கேட்டார். கணவர் அதற்குப் பிறகு வெகுநேரம் பேசவில்லை. நல்ல மனிதர். சொன்னதை வாங்கக் கடைக்குப் போய்வரும் நடை மட்டும்தான் தன் பங்கு, மற்றதெல்லாம் இன்னொருவர் பொறுப்பில் இருக்கிறது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அவரிடம் நான் ஒரே ஒரு பொறுப்பைக் கேட்டேன்: அவருடைய அப்பாவின் மாத்திரைகள். முழுவதுமாக. எத்தனை மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பது, மருந்துச் சீட்டு எங்கே என்று தெரிந்திருப்பது, வாங்குவது, காலை மாலை என்று பெட்டியில் பிரித்து வைப்பது, அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு அழைத்து வருவது எல்லாம் அவருடையது. மனைவியிடம், இதில் நினைவூட்டவும் கூடாது, சரிபார்க்கவும் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. முதல் மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாத்திரை தீர்ந்துபோய், கணவர் கடைகடையாக அலைந்தார். அதற்கப்புறம் பத்து நாளைக்கு மாத்திரை இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுகிறார். கடையில் ஆணியும் கீலும் தீர்வதற்குள் ஆர்டர் போடுகிறவருக்கு இது வராத வித்தையா? வீட்டில் அது தன் வேலை என்று யாரும் ஒப்படைக்கவில்லை, அவ்வளவுதான். ஒப்படைப்பதென்றால் வேலையின் நுனியிலிருந்து அடி வரை ஒப்படைக்க வேண்டும். காய் வாங்கி வரும் பொறுப்பு உங்களுடையது என்றால், என்ன காய் என்று போன் செய்து கேட்காமல் வாங்கி வருவதும் அதில் அடங்கும். வாங்கி வந்த கத்திரிக்காய் முற்றலாக இருந்தாலும் மற்றவர் முகம் சுளிக்காமல் இருப்பதும் அடங்கும். அன்றைக்குக் குழம்பு கொஞ்சம் கடுக்கட்டும்.

அடுத்தது, "நாளைக்கு என்ன சமையல்?" என்ற கேள்வி. சமைப்பதைவிட இதுதான் சோர்வு தருகிறது என்று என்னிடம் சொல்லாதவர்கள் குறைவு. இன்னின்ன கிழமைக்கு இன்ன குழம்பு என்று வாரத்துக்கு எழுதிக் கூடத்தில் ஒட்டிவிடுங்கள். திங்கள் சாம்பார், செவ்வாய் வற்றல் குழம்பு, புதன் கீரைக் கூட்டும் ரசமும் என்று ஓடினால் யாருக்கும் அலுத்துவிடாது. பிடிக்காதவர்கள் ஞாயிறு உட்காரும்போது மாற்றிக்கொள்ளலாம், அடுப்பு ஏற்றிய பிறகு மாற்றக் கூடாது. முதல் நாள் இரவே காயை நறுக்கி வைத்து, சீருடையையும் சாக்ஸையும் எடுத்து வைத்துவிட்டால் காலை ஏழு மணிச் சத்தம் பாதி அடங்கிவிடும். பிள்ளைகளைத் திட்டித் தீர்த்து அனுப்பிவிட்டு, பஸ் கிளம்பியதும் வருந்தும் தாய்மார்கள் எத்தனையோ பேர். அந்தத் திட்டில் பெரும்பகுதி காணாமல் போன ஒற்றைச் சாக்ஸுக்காகத்தான்.

பொருள்களுக்கு நிரந்தர இடம் வேண்டும் என்பதற்கு அஞ்சறைப் பெட்டியைவிட நல்ல ஆசான் இல்லை. கடுகு எந்தக் கிண்ணத்தில் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் கை போகும். அதே ஒழுங்கை வண்டிச் சாவி, மூக்குக் கண்ணாடி, சார்ஜர், நகவெட்டி நான்குக்கும் கொடுத்துப் பாருங்கள். வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி, அதன் கீழ் ஒரு சின்னத் தட்டு, அது போதும். லாஸ் ஏஞ்சலிஸில் இருவரும் வேலைக்குப் போகும் தம்பதியரிடம் நடத்தி 2010இல் வெளியான ஓர் ஆய்வில், தங்கள் வீடு ஒழுங்கற்று, முடியாத வேலைகளோடு கிடக்கிறது என்று விவரித்த மனைவியருக்கு, மாலைக்குள் இறங்க வேண்டிய கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் போதிய அளவு இறங்கவில்லை என்று கண்டார்கள். வீடு பளபளவென்று இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உறவினர் வருகிறார்கள் என்று நள்ளிரவு வரை துடைப்பதையும், வீட்டில் உடுத்தும் துணிக்கெல்லாம் இஸ்திரி போடுவதையும் தாராளமாக விட்டுவிடலாம். தேடாமல் எடுக்க முடிந்தால் போதும்.

மருத்துவராக நான் மிகவும் கவலைப்படுவது, எல்லா ஞாபகத்தையும் வைத்திருந்தவரே நோயில் படுத்துவிடும்போது என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான். வீட்டம்மா டெங்கு காய்ச்சலில் சேர்க்கப்பட்டிருப்பார். இங்கே பெரியவரை மயக்கத்தில் தூக்கி வருவார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டால், "சின்னதாக, வெள்ளையாக இருக்கும் டாக்டர்" என்பார்கள். சின்னதாக வெள்ளையாக நூறு மாத்திரைகள் இருக்கின்றன. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையை, காலையில் கொடுத்தது தெரியாமல் இன்னொருவர் மறுபடியும் கொடுத்துவிட்டால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

ஆகவே ஒரு பிளாஸ்டிக் கோப்பு வாங்குங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள்: வயது, ரத்தப் பிரிவு, இருக்கும் நோய்கள், மாத்திரையின் பெயரும் அளவும் வேளையும், ஒவ்வாத மருந்து. அதோடு கடைசி ரத்தப் பரிசோதனை அறிக்கை, ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையோ தனியார் காப்பீட்டு அட்டையோ. பின்பக்கத்தில் வங்கிக் கணக்குகள் எந்தெந்தக் கிளையில், நியமனதாரர் யார் என்ற விவரம். கடவுச்சொல்லையோ ஏடிஎம் ரகசிய எண்ணையோ மட்டும் அதில் எழுத வேண்டாம். கோப்பு எங்கே இருக்கிறது என்று வீட்டில் குறைந்தது மூன்று பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். பீரோவில் பூட்டி வைத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டால், இந்தக் கோப்பும் அந்த ஒரே தலைக்குள் போய்விடும்.

மாலை நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேலையிலிருந்து வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்குள் புகாரோ கணக்கோ ஆரம்பிக்க வேண்டாம். கைகால் கழுவிக்கொண்டு உட்காரும் வரை பொறுக்கலாம். ஆறு மணிக்குக் குடித்த காபியின் கஃபீனில் ஏறக்குறைய பாதி இரவு பதினொரு மணிக்கும் ரத்தத்தில் இருக்கும் என்பதால், தூக்கம் வராதவர்கள் கடைசி டம்ளரை மூன்று மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. போனைக் கூடத்தில் சார்ஜில் போட்டுவிட்டுப் படுங்கள். எழுப்புவதற்குத்தான் போன் வேண்டும் என்கிறவர்களுக்கு, பழைய அலாரம் கடிகாரம் இன்றும் கடைகளில் கிடைக்கிறது.

இவையெல்லாம் செய்தும், இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் நாட்டமில்லாமல், பசியும் தூக்கமும் கெட்டு, காரணமில்லாத குற்ற உணர்வோ சாக வேண்டும் என்ற எண்ணமோ வந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை இருக்கிறது. குணமாகிறவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். குழந்தை பிறந்த முதல் வருடத்தில் இருக்கும் பெண்களிடம் வீட்டார் இதை இன்னும் கூர்ந்து கவனிக்க வேண்டும். அரசின் டெலி-மானஸ் மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். சாக வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அவரைத் தனியே விடாமல், உடனே அருகிலுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

குடித்துவிட்டு வந்து அடிக்கிறவர் இருக்கும் வீட்டுக்கு, நான் மேலே எழுதியவை எதுவும் மருந்தாகாது. அங்கே பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியவர் அந்தப் பெண் இல்லை. பெண்களுக்கான உதவி எண் 181. அதுவும் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. காயத்துக்குக் கட்டுப்போட வரும்போது "குளியலறையில் வழுக்கி விழுந்தேன்" என்று சொல்ல வேண்டாம். நடந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள், குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.