சத்ரப் என்பவர் சிற்றரசரா?

நேற்றிரவு தமிழ்க் குரல் கொடுத்த ஓர் ஆவணப்படம் பார்த்தேன். பாரசீகப் பேரரசை நிறுவிய சைரஸ் கி.மு. 539-இல் பாபிலோனைப் பிடிக்கிறார். பின்னணிக் குரல் கம்பீரமாகச் சொல்கிறது: "வென்ற நாடுகளைத் தம் சிற்றரசர்களிடம் ஒப்படைத்தார்." மூலத்தில் இருந்தது 'சத்ரப்' (பாரசீகப் பேரரசர் ஒரு மாகாணத்தை ஆள அமர்த்திய அதிகாரி) என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இந்தப் பிழையை இன்னும் எத்தனை முறைதான் கேட்பது!

சொல்லின் பிறப்பு எளிது. பழம்பாரசீகத்தில் 'க்ஷசபாவன்'. முன்பாதி அரசு (வடமொழி 'க்ஷத்ர'வுக்கு உடன்பிறப்பு), பின்பாதி காப்பவர். கிரேக்கர் வாயில் 'சத்ரபேஸ்' ஆகி ஐரோப்பாவுக்குப் போனது. இந்தியாவுக்கு 'க்ஷத்ரப' என்று வந்தது. குஜராத்தின் ஜுனாகத் கல்வெட்டில் வரும் அரசர் ருத்ரதாமன் ஒரு மகாக்ஷத்ரபர். இதைச் 'சத்ரபதி' என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது குடைக்கு உரியவர் என்ற வேறு சொல். இரண்டையும் கலக்க வேண்டாம்.

சரி, சிற்றரசர் என்றால் என்ன தப்பு? சிற்றரசருக்குச் சொந்த மண் உண்டு. அப்பனுக்குப் பின் மகன். பேரரசருக்குத் திறை கட்டுவார், போருக்குப் படை அனுப்புவார். மற்றபடி தம் ஊரில் அவர்தான் ராஜா. சத்ரப் அனுப்பி வைக்கப்பட்டவர். வரி வசூல், நீதி, படை எல்லாம் அவர் கையில் இருந்தாலும் அத்தனையும் இரவல்.

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும் ஒரோய்டஸ் என்ற சத்ரப்பின் கதையைப் பாருங்கள். சைரஸ் சார்டிஸில் (இன்றைய துருக்கியில் இருந்த நகரம்) அமர்த்திய ஆள் இவர். பின்னால் டேரியஸ் பேரரசரான குழப்பக் காலத்தில் தலைகால் தெரியாமல் ஆடினார். பக்கத்து மாகாண ஆளுநரைக் கொன்றார், அரசரின் தூதரையும் கொன்றார். டேரியஸ் படை அனுப்பவில்லை. பகேயஸ் என்பவரை முத்திரையிட்ட சில கடிதங்களோடு அனுப்பினார். ஒவ்வொன்றாக எழுத்தர் வாசிக்க, காவல் வீரர்கள் காட்டும் மரியாதையைப் பகேயஸ் கவனித்துக்கொண்டே இருந்தார். அப்புறம் ஒரு கடிதம்: ஒரோய்டஸுக்குக் காவல் நிற்காதீர்கள். ஈட்டிகள் தாழ்ந்தன. அடுத்த கடிதம்: அவரைக் கொல்லுங்கள். அவருடைய காவலர்களே வாளை உருவி அங்கேயே வெட்டிப் போட்டார்கள். எந்தச் சிற்றரசருடைய மெய்க்காவலர் காகிதத்துண்டுக்கு இப்படி அடங்குவார்?

சின்ன ஆசியாவில் காரியா மாகாணத்தை ஆண்ட மௌசோலஸ் போலத் தந்தைக்குப் பின் மகனாக வந்த சத்ரப்களும் இருந்தார்களே என்பார்கள். இருந்தார்கள்தான். பதவி சில குடும்பங்களில் ஒட்டிக்கொண்டது என்பதற்காக அதன் பெயரை மாற்றிவிட முடியுமா?

அப்படியானால் தமிழில் என்ன? வேர்ப்பொருளைப் பார்த்தால் 'நாடுகாவலர்'. தூய தமிழ், அழகாகவும் இருக்கிறது. ஆனால் இன்று காவலர் என்றாலே காக்கிச் சட்டைதான் கண்முன் வருகிறது. 'ஆளுநர்' என்று மட்டும் எழுதினால் ராஜ்பவன் நினைவு. படை நடத்தும் ஆள் தெரியமாட்டார். என் வாக்கு பழைய 'தேசாதிபதி'க்குத்தான். தமிழ் விவிலியத்தின் தானியேல் புத்தகத்தில் இவர்களுக்கு இந்தச் சொல்தான் வருகிறது, நூற்றிருபது தேசாதிபதிகள் என்று. ரோமாபுரி அனுப்பிய பிலாத்துவும் அதில் தேசாதிபதிதான். இலங்கையிலும் ஆங்கிலேயக் கவர்னரை அப்படித்தான் அழைத்தார்கள். மூன்று இடத்திலும் ஆள் வெளியிலிருந்து அமர்த்தப்பட்டவர். வடமொழி என்று முகம் சுளிக்கிறவர்கள் 'மாகாண ஆளுநர்' என்று எழுதிக்கொள்ளட்டும். 'மாகாணம்' முன்னால் நின்றால் குழப்பம் குறையும். மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியின் முதல் சொல்லை எடுத்து ஒட்டுவதை விட்டுவிட்டு, அந்த ஆளை யார் அமர்த்தினார், யார் நீக்கினார் என்று ஒரு நிமிடம் பார்த்தால் போதும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 'சிற்றரசர்' பொருந்தும் இடம் ஒன்று அந்தப் படத்தில் இருந்தது. சைரஸ் முதலில் அன்ஷன் என்ற சிறு நாட்டின் அரசர். தந்தையும் பாட்டனும் அங்கே அரசர்கள் என்று பாபிலோனின் களிமண் உருளையில் அவர் பெயரிலேயே எழுதியிருக்கிறது. அன்று ஈரானில் வலிமையாக இருந்த மேதியரின் மேலாண்மைக்கு அடங்கி இருந்துவிட்டு, கி.மு. 550 வாக்கில் அவர்களையே கவிழ்த்தார். படத்தில் அவரை அறிமுகப்படுத்தியது எப்படித் தெரியுமா? "அன்ஷன் ஆளுநர் சைரஸ்."