லாப்ரடோர் குட்டிக்கும் பதிவு உண்டு: இலவச ஊசி, சபைப் பதிவு, கடி பட்டால் செய்ய வேண்டியது

முந்தின வருஷ ஆவணியில் எங்கள் வீட்டுக்கு ஒரு லாப்ரடோர் குட்டி வந்தது. எட்டுக் கிழமைக் குட்டி. தந்தவர் அதன் தாய் தகப்பன் பெயர் போட்ட கடதாசி ஒன்றையும் சேர்த்துத் தந்தார். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டாத குறையாக அதைப் பத்திரப்படுத்தினோம். பிறகுதான் தெரிந்தது, அரசாங்கம் கேட்கும் கடதாசி அது இல்லை, மடித்தால் சட்டைப் பைக்குள் அடங்குகிற விசர்நாய்க்கடித் தடுப்பூசி அட்டை என்று.

இலங்கையில் நாய் வளர்ப்பவருக்கு இரண்டு கடமைகள் உண்டு. ஒன்று, நாய்க்கு விசர்நாய்க்கடித் தடுப்பூசி போடுவது. மற்றது, தன் உள்ளூராட்சி சபையில் அதைப் பதிவது. இரண்டுக்கும் அடிப்படை வெள்ளைக்காரன் காலத்துச் சட்டங்கள்: 1893ஆம் ஆண்டின் விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டமும் 1901ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டமும். "உது தெருநாய்க்குத்தானே, எங்கட நாய் வளவை விட்டு வெளியில போறேல்லையே" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஊர் நாய், உயர்சாதி நாய் என்ற பிரிவினை சட்டத்தில் இல்லை.

முதலில் ஊசி. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் போட்டு, பிறகு ஒவ்வொரு வருஷமும் போட வேண்டும். அரசாங்கம் போடும் விசர்நாய்க்கடி ஊசிக்குக் காசு இல்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரிக்கலாம், அல்லது உங்கள் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், அதாவது நம் வாய்வழக்கில் பி.எச்.ஐ.யிடம், அடுத்த முகாம் எங்கே என்று கேட்கலாம். அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்திலும் கேட்டுப் பாருங்கள். முகாம் பெரும்பாலும் சனசமூக நிலைய முற்றத்திலோ கோயிலடியிலோ நடக்கும். தனியார் வைத்தியரிடம் காசு கொடுத்துப் போட்டாலும் சரிதான், ஆனால் அட்டையில் திகதியும் கையொப்பமும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். இலவசம் என்பது விசர்நாய்க்கடி ஊசி மட்டும். குட்டிகளை அடித்துப் போடும் பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்களுக்கான கூட்டு ஊசி வேறு, அது உங்கள் செலவு. ஆறு, எட்டுக் கிழமையில் தொடங்கி, மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை, பதினாறு கிழமை வரை போட வேண்டும். பார்வோ வந்த குட்டி வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாக இரண்டு மூன்று நாளிலேயே முடிந்துவிடக்கூடும். "பெரிய நாய்க்கு ஒண்டும் வரேல்லை, இதுக்கேன்?" என்ற கணக்கு இங்கே சரிவராது.

இந்த ஊசிகள் முடியும்வரை குட்டியை மற்ற நாய்கள் திரியும் இடத்தில் நிலத்தில் விடக்கூடாது. அதற்காக வீட்டுக்குள் பூட்டி வைக்கவும் கூடாது. குட்டி உலகத்தைப் பயமில்லாமல் பார்க்கப் பழகும் காலம் ஏறக்குறைய பதினான்கு கிழமையோடு குறைந்துவிடுகிறது. ஆகவே தூக்கிக்கொண்டு போங்கள். நாங்கள் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் குட்டியைக் கூடைக்குள் வைத்து, மேளமும் நாயனமும் மெல்லக் கேட்கிற தூரத்தில் ஒழுங்கை முகப்பில் நிற்போம். பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தாலும் அப்படித்தான், சத்தம் கேட்டதும் வாயில் ஒரு துண்டு அவித்த மீன். இப்போது அந்தப் பாட்டுக் கேட்டால் குரைப்பதில்லை, மீன் எங்கே என்று என் கையைப் பார்க்கிறது.

ஊசியும் பதிவும் பற்றிச் சொல்லும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். இலவச ஊசி முகாமுக்குப் போய்ப் பார்த்தால் விளங்கும். வேப்பமரத்தடியில் கயிற்றிலும் சங்கிலியிலுமாக இருபது முப்பது நாய்கள், ஒன்றையொன்று பார்த்து உறுமிக்கொண்டு. கழுத்துப்பட்டியே கட்டிப் பழகாத நாய் அங்கே போனால் ஊசி போடுபவருக்கும் ஆபத்து, பிடித்திருப்பவருக்கும் ஆபத்து. சிலர் அதனாலேயே பாதி வழியில் திரும்பிவிடுகிறார்கள். முகாமுக்கு இரண்டு மூன்று கிழமை முன்பே வீட்டில் பழக்குங்கள். முதலில் கழுத்துப்பட்டியை மட்டும் சாப்பாட்டு நேரத்தில் கட்டி, சாப்பிட்டதும் கழற்றுங்கள். அப்புறம் காதைத் தூக்கிப் பார்ப்பது, பாதத்தைப் பிடிப்பது, தோள் பக்கத்துத் தோலை மெல்லக் கிள்ளிப் பிடிப்பது. ஒவ்வொன்றுக்கும் உடனே ஒரு வாய் தீன். ஒரு தடவைக்கு இரண்டு நிமிஷம் போதும்.

லாப்ரடோரை இப்படிப் பழக்குவது மற்ற நாய்களைவிடச் சுலபம், ஏனென்றால் இது தீனுக்கு உயிரை விடும் சாதி. இந்த இனத்தில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு வயிறு நிறைந்த உணர்வைக் குறைக்கும் ஒரு மரபணு மாற்றம் இருப்பதாகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் கண்டறிந்தார்கள். அதனால் பழக்கக் கொடுக்கும் தீனை அன்றைய சாப்பாட்டிலிருந்தே கழித்துக்கொள்ளுங்கள். அம்மம்மா குசினிக்குள்ளிருந்து களவாகக் கொடுக்கும் குழம்புச் சோற்றையும் கணக்கில் சேருங்கள்.

சரி, பதிவுக்கு வருவோம். எந்தச் சபை என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். திருநெல்வேலி, கொக்குவில் ஆட்கள் பட்டினத்துக்குப் பக்கம்தானே என்று யாழ்ப்பாணம் மாநகர சபைக்குப் போவதுண்டு, அந்த இடங்கள் நல்லூர் பிரதேச சபைக்குள் வருகின்றன. சுலபமான வழி, நீங்கள் சோலைவரி, அதாவது வீடு வளவுக்கான வரி, கட்டும் சபை எதுவோ அதுதான். யாழ்ப்பாணம் மாநகர எல்லைக்குள் இருப்பவர்களுக்கு மாநகர சபை, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, சாவகச்சேரி பட்டினத்துக்குள் இருப்பவர்களுக்கு நகர சபை, மற்றவர்களுக்குத் தங்கள் பிரதேச சபை. கட்டணத்தை அங்கேயே கேளுங்கள். அடையாள அட்டையும் நாயின் தடுப்பூசி அட்டையும் கொண்டு போங்கள். நாயைக் கொண்டுபோகத் தேவையில்லை. பதிவை ஒவ்வொரு ஆண்டும் புதுப்பிக்க வேண்டும்.

நான் முதல் தரம் வெறுங்கையோடு திரும்பினேன். அட்டையை மேசை விளிம்பில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தேன், வந்து பார்த்தால் குட்டி அதில் திகதி இருந்த பக்கத்தை மென்றுகொண்டிருந்தது. மிச்சத்தைப் பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு போனேன். கருமபீடத்தில் இருந்தவர் பல் அடையாளத்தைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் பதியவில்லை. ஊசி போட்ட இடத்துக்குப் போய் மறுபடி எழுதி வாங்க அரை நாள் போயிற்று. அட்டை கிடைத்த அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது கடி. லாப்ரடோர் குட்டி எதையும் வாயால்தான் அறியும். ஊசி போன்ற பால் பற்களால் கை, பாவாடை, செருப்பு எல்லாவற்றையும் கவ்வும். இது குணக்கேடு இல்லை, ஆனால் தோல் கிழிந்து இரத்தம் வந்தால் விளையாட்டென்று விடவும் கூடாது. குட்டிகளுக்கும் விசர் வரும். பழைய மனுஷர் சொல்வதுபோல மஞ்சளும் சுண்ணாம்பும் அப்ப வேண்டாம். சவர்க்காரம் போட்டு, குழாயைத் திறந்து ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். பிறகு அரச வைத்தியசாலைக்குப் போங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையோ பக்கத்து ஆதார வைத்தியசாலையோ, மனிதருக்கான விசர்நாய்க்கடி ஊசி அரச வைத்தியசாலையில் இலவசம். இதற்கு எந்த விண்ணப்பமும் இல்லை, நாய் யாருடையது என்பதும் தடையில்லை.

அங்கே வைத்தியர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, நாய்க்கு ஊசி போட்டதா, அட்டை எங்கே என்பது. ஒழுங்காக இரண்டு தரமாவது ஊசி போட்ட, சுகமாக இருக்கும் வளர்ந்த நாய் என்றால், நாயை 14 நாள் கட்டி வைத்துப் பார்க்கச் சொல்லி மனிதருக்கான ஊசியைத் தள்ளிவைக்கலாம். ஒரே ஒரு ஊசி போட்ட குட்டிக்கு அந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள். பக்கத்து வீட்டு மாமியின் பேரனை எங்கள் குட்டி பிறாண்டியபோது அதற்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை. பிள்ளைக்கு ஊசி போட்டார்கள். மாமி ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை, அது நியாயம்தான். இந்த 14 நாளில் நாய் செத்தாலோ, காணாமல் போனாலோ, குணம் மாறினாலோ உடனே வைத்தியசாலைக்குச் சொல்ல வேண்டும்.

கவ்வும் பழக்கத்தை நிறுத்த அடி உதவாது. பல் பட்ட உடனே விளையாட்டை நிறுத்தி எழும்பிப் போங்கள், அரை நிமிஷம் கழித்து வாருங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரிச் செய்தால்தான் பலன். மாமா கையை மல்லுக்கட்டக் கொடுத்து, அக்கா எழும்பிப் போனால் குட்டிக்கு எதுவும் விளங்காது. மிருகவதைக்கும் சட்டம் உண்டு, 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். அதில் எழுதப்பட்ட அதிகபட்சத் தண்டம் 100 ரூபாய். அந்தக் காலத்தில் அது பெரிய காசு, இன்று ஒரு நேரச் சாப்பாட்டுக்கும் காணாது.

கேற்றையும் படலையையும் பூட்டி வைப்பது உங்கள் பொறுப்பு. உங்கள் நாய் வீதியில் போகிறவரைக் கடித்தாலோ, சைக்கிளுக்குக் குறுக்கே பாய்ந்து விழுத்தினாலோ நட்டஈடு கேட்டு உங்கள்மேல் வழக்குப் போடலாம். முப்பது கிலோவுக்கு வளரும் நாய், அன்பாகத்தான் பாயும், ஆனால் விழுகிறவருக்கு இடுப்பெலும்பு ஒன்றுதான். குட்டியாக இருக்கும்போதே கேற் திறந்தால் குந்தியிருக்கப் பழக்குங்கள்: திறக்கும்போது எழும்பினால் மூடுங்கள், குந்தியிருந்தால் திறந்து தீன் கொடுங்கள்.

இந்த வருஷ முகாமில் எங்கள் நாய்க்கு இரண்டாம் ஊசி. வரிசையில் தன் முறை வரும்வரை வேப்பமர நிழலில் இருந்தது. ஊசி ஏறியதைக் கவனித்ததாகத் தெரியவில்லை, ஊசி போட்டவரின் சட்டைப் பையைத்தான் மோந்துகொண்டிருந்தது. அட்டையை வாங்கியதும் நான் அதை மேல் பொக்கற்றில் போட்டுப் பட்டனைப் பூட்டினேன்.