சம்பளச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்த கையோடு, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஆலோசக ஆசிரியையான என்னிடம் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "டீச்சர், எத்தனை ஏ எடுத்தா வெளிநாட்டுல முழு உபகாரச் சம்பளம் கிடைக்கும்?" ஜே.பி.ஏ. (பொதுச் சேவைத் துறை), பேங்க் நெகாரா (மத்திய வங்கி), பெட்ரோனாஸ் (எண்ணெய் நிறுவனம்) போன்ற நம் நாட்டு உதவிகளுக்கு அந்தக் கணக்கு ஓரளவு சரி. அமெரிக்காவின் சில தனியார் கல்லூரிகளில் கணக்கே வேறு. பிள்ளையைச் சேர்த்துக்கொண்டால், குடும்பத்தால் எவ்வளவு கட்ட முடியும் என்று பார்த்து, மீதியைக் கல்லூரியே ஏற்றுக்கொள்ளும். செம்பனைக் குலை வெட்டுகிற அப்பாவின் வருமானம் அங்கே ஒரு குறையே இல்லை. அதைக் காகிதத்தில் காட்ட முடியாமல் போவதுதான் குறை.

ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், போடன் ஆகியவை, வெளிநாட்டு மாணவர் பண உதவி கேட்கிறாரா என்பதைப் பார்க்காமலே சேர்க்கையை முடிவு செய்கின்றன. இடம் கிடைப்பதுதான் கஷ்டம். ஹார்வர்டில் நூறு பேர் விண்ணப்பித்தால் ஏறக்குறைய நான்கு பேருக்குத்தான் இடம். வேறு பல நல்ல கல்லூரிகளும் முழுத் தேவையையும் ஏற்கும். ஆனால் உதவி கேட்பவர்களைக் கொஞ்சம் கணக்குப் பார்த்தே எடுக்கும். அதற்காக, 'முதலில் சேர்ந்துவிடுவோம், உதவியை அப்புறம் கேட்போம்' என்று இருந்துவிடாதீர்கள். விண்ணப்பத்தோடு கேட்காத வெளிநாட்டு மாணவருக்குப் பிறகு உதவி கிடையாது என்பது பல இடங்களில் விதி. கென்டக்கி மாநிலத்தின் பெரியா கல்லூரி இன்னொரு வகை. அங்கே கல்விக் கட்டணம் யாரிடமும் வாங்குவதில்லை. ஒவ்வொரு மாணவரும் வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் கல்லூரியிலேயே வேலை செய்ய வேண்டும்.

இனி பாரம். குடும்பத்தின் வரவையும் சொத்தையும் காட்ட, பல கல்லூரிகள் சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற இணையப் பாரத்தைக் கேட்கின்றன. அதற்குக் கட்டணம் உண்டு. கட்ட முடியாதென்றால் கல்லூரிக்கே எழுதி, விலக்கோ வேறு பாரமோ கிடைக்குமா என்று கேட்கலாம். நம் வீடுகளில் சிக்கல் கட்டணத்தில் இல்லை, கௌரவத்தில் இருக்கிறது. ஒரு மாணவியின் பாரத்தை அவள் அப்பாவோடு உட்கார்ந்து நிரப்பினேன். "மூவாயிரம்னு போடுங்க டீச்சர், ரொம்பக் கம்மியா போட்டா மதிக்க மாட்டாங்க" என்றார். சம்பளச் சீட்டைப் பார்த்தால், குலை நிறைய விழுந்த மாதம் 2,600 ரிங்கிட், மழை மாதம் 1,700. சில மாதச் சீட்டுகளில் எழுத்தே அழிந்துபோயிருந்தது. இன்னும் சில எங்கே போனதென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. இப்படியானால் கே.டபிள்யூ.எஸ்.பி. (ஊழியர் சேமநிதி) அறிக்கையை இறக்கிக்கொள்ளுங்கள். மாதாமாதம் எவ்வளவு சந்தா போயிருக்கிறது என்பதை வைத்துச் சம்பளத்தைக் காட்டிவிடலாம். வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாதவர்கள், தோட்ட அலுவலகக் கிராணியிடம் ஆண்டு வருமானத்தைக் குறிப்பிட்டு ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ள வேண்டும். குடியிருக்கும் லயத்து வீடு கம்பெனியுடையது. அதைச் சொந்த வீடாகக் காட்டாதீர்கள். தொகையை ரிங்கிட்டிலேயே எழுதி, நாணயம் ரிங்கிட் என்று குறிப்பிட வேண்டும். அதே எண் டாலராகப் பதிவானால் குடும்பம் நான்கு மடங்கு பணக்காரக் குடும்பமாகிவிடும்!

இன்னொரு தயக்கம், "எங்க பிள்ளை எந்தக் கிளப்பிலும் இல்லையே" என்பது. பள்ளி பஸ்ஸை விட்டால் தோட்டத்துக்குத் திரும்ப வழியில்லாத பிள்ளை எப்படி மாலைக் கிளப்பில் இருக்கும்? பல அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பொதுவான 'காமன் ஆப்' இணைய விண்ணப்பத்தில் குடும்பப் பொறுப்புகளுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, அம்மாவின் நாசி லெமாக் கடையில் காலையில் நிற்பது எல்லாவற்றையும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று சொல்லி அதில் எழுதலாம்.

டாக்டர் கனவு இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அமெரிக்காவில் நான்கு ஆண்டு இளங்கலை முடித்த பிறகுதான் மருத்துவம். அந்த இரண்டாம் கட்டத்தில் வெளிநாட்டவருக்கு முழு உதவி மிக அரிது.

அமெரிக்கா வேண்டாம் என்பவர்களுக்கு ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட் உபகாரச் சம்பளம் இருக்கிறது. தூதரகம் வழியாகத் தேர்வு எழுத வேண்டும். கிடைத்தால் கல்விக் கட்டணம் இல்லை, விமான டிக்கெட்டும் தருவார்கள், இளங்கலை மாணவருக்கு மாதம் 117,000 யென். முதல் ஆண்டு ஜப்பானிய மொழி. துருக்கிய அரசின் உதவியும் முழுமையானது. விடுதியும் சேர்த்தே தருகிறார்கள். வழக்கமாக ஜனவரி 10 முதல் பிப்ரவரி 20 வரை விண்ணப்பிக்கலாம், இளங்கலைக்கு வயது 21-க்குள் இருக்க வேண்டும். இதற்குக் கட்டணம் ஒரு காசு கிடையாது. யாராவது 'பிராசஸிங் ஃபீ' கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஈப்போ ஹோட்டல்களில் நடக்கும் கல்விக் கண்காட்சிகளுக்குப் போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன். பல ஏஜெண்டுகளுக்குப் பல்கலைக்கழகமே கமிஷன் தருகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். 'ஐம்பது விழுக்காடு உபகாரச் சம்பளம்' என்ற பதாகையைப் பார்த்ததும், மீதி ஐம்பது விழுக்காடு ஆண்டுக்கு எத்தனை ரிங்கிட் என்று கேளுங்கள். அப்பாவின் கே.டபிள்யூ.எஸ்.பி. பணத்தை எடுத்து முதல் ஆண்டைக் கட்டிவிட்டு, இரண்டாம் ஆண்டில் திரும்பி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்கப் படிப்புக்கு இலவச ஆலோசனை வேண்டுமானால் கோலாலம்பூரில் மேசி என்ற மலேசிய-அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற அமைப்பின் எஜுகேஷன் யு.எஸ்.ஏ. மையம் இருக்கிறது.

முழு உதவி கிடைத்தாலும் புறப்படும் முன் கைக்காசு தேவைப்படும். அமெரிக்க மாணவர் விசாவுக்கான செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணம் மட்டும் 350 டாலர். விசா கட்டணம் தனி. டிக்கெட்டையும் எல்லாக் கல்லூரிகளும் தருவதில்லை, கடிதம் வந்ததும் கேட்டுவிடுங்கள். இந்தத் தொகைக்கு மட்டும் கோயில் நிர்வாகத்தையோ பள்ளியின் முன்னாள் மாணவர்களையோ அணுகலாம். மொத்தப் படிப்புக்கும் கேட்டால் கையை விரிப்பவர்கள்கூட ஒரு டிக்கெட் என்றால் முன்வருவார்கள்.